புண்ணுக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

மருத்துவக் கட்டுப் பொருட்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும், அந்த விலை உயர்ந்த டிரெஸ்ஸிங்கில் என்ன மருந்து தடவியிருக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெரும்பாலானவற்றில் மருந்தே கிடையாது என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நம்பியவர்கள், வெறும் பிளாஸ்டிக்குக்கா இத்தனை காசு என்று சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தச் செயற்கைப் பாலிமர்கள் புண்ணுக்குள் எந்த ரசாயன வித்தையும் செய்வதில்லை. புண்ணிலிருந்து வெளியேறும் நீரில் எவ்வளவைத் தங்கவிடுவது, எவ்வளவை உறிஞ்சுவது, எவ்வளவை ஆவியாகப் போகவிடுவது என்ற கணக்கைத்தான் அவை பார்த்துக்கொள்கின்றன. புண்ணை ஆற்றுவது உடம்பு. அந்தக் கணக்கு தவறினால் உடம்பின் வேலை தடைப்படுகிறது.

புண்ணைக் காற்றாட விட வேண்டும், காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்பது நம் வீடுகளில் மட்டுமல்ல, உலகம் முழுவதும் மருத்துவமனைகளிலும் நெடுங்காலம் இருந்த நம்பிக்கை. அதை அசைத்தது 1962-இல் நேச்சர் இதழில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் வெளியிட்ட இரண்டே பக்கக் கட்டுரை. இளம் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத புண்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தபடி விட்டுவிட்டு, சிலவற்றைச் சாதாரண பாலித்தீன் படலத்தால் மூடி வைத்தார். மூடிய புண்களில் புதிய மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் பரவியிருந்தது. அடுத்த ஆண்டே ஹின்மன், மைபாக் என்ற இருவர் மனிதத் தோலிலும் இதையொத்த முடிவையே கண்டு அதே இதழில் எழுதினார்கள்.

காரணம் எளிது. மேல்தோல் உயிரணுக்கள் புண்ணின் விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கி ஊர்ந்து செல்ல வேண்டும். அவற்றால் ஈரமான பரப்பில்தான் ஊர முடியும். புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால், பொருக்கையும் அதற்குக் கீழே காய்ந்துபோன திசுவையும் ஒட்டி நகர வழியில்லாமல், அவை இன்னும் ஆழத்தில் ஈரம் இருக்கும் மட்டத்துக்கு இறங்கி, நொதிகளால் வழியை அறுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. தீக்காயம் பட்டவரை வாழை இலையில் கிடத்தும் நம் ஊர் வழக்கத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும்: இலை புண்ணில் ஒட்டாது, ஈரத்தையும் இழுக்காது. நுண்ணுயிர் நீக்கிய வாழை இலையை மும்பை மருத்துவர்கள் முறையாகவே பயன்படுத்திப் பார்த்து ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் பாலித்தீன் தாளை ஒட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பாலித்தீன் நீராவியை அநேகமாக வெளியே விடாது. கசியும் நீர் தேங்கி, சுற்றியுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்து, கை வைத்தால் உரிந்து வரும் நிலைக்கு வந்துவிடும். புண் ஆறுவதற்குப் பதிலாக அகலமாகும். எனவே ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எத்தனை கிராம் என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் பிழைப்பு.

1977-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் அளந்து சொன்ன எண்களை இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல தோலிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் சுமார் 204 கிராம் நீர் ஆவியாகிறது. முதல்நிலைத் தீப்புண்ணில் 279 கிராம். சிவந்த புதுச்சதை வளர்ந்துகொண்டிருக்கும் திறந்த புண்ணில் 5,138 கிராம். கடைசி எண்ணைப் பார்க்கும்போதுதான், பெரிய தீக்காயங்களில் உடம்பு ஏன் அத்தனை விரைவாக நீரை இழக்கிறது என்பது உறைக்கிறது. 1987-இல் வெளியான ஓர் ஆய்வு, புண் காயாமலும் நீர் கோக்காமலும் இருக்க வேண்டுமானால் அதன்மேல் உள்ள படலம் நாளொன்றுக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக 2,000 முதல் 2,500 கிராம் வரை ஆவியை வெளியே விட வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதைச் சோதிக்க நாங்கள் பயன்படுத்தும் கருவிக்குப் பேடிங்டன் கோப்பை என்று பெயர். இரண்டு வாயுள்ள சிறிய உலோக உருளை அது. உள் விட்டம் 35.7 மி.மீ., அதாவது வாயின் பரப்பு சரியாகப் பத்து சதுர சென்டிமீட்டர். ஒரு வாயில் டிரெஸ்ஸிங்கை வட்டமாக வெட்டி வளையத்தால் இறுக்கி, மறுபக்கம் வழியாக 20 மி.லி. உப்புக் கரைசலை ஊற்றி மூடி, எடை போட்டு, 37 பாகை வெப்பமும் மிகக் குறைந்த ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் ஒரு நாள் வைத்துவிட்டு மறுபடி எடை போடுகிறோம். குறைந்த எடை முழுவதும் படலம் வழியாக ஆவியாகப் போனது. மேலே சொன்ன 2,500 கிராம் இந்தக் கோப்பையில் வெறும் இரண்டரை கிராமாகச் சுருங்கிவிடும்; நல்ல தோலாக இருந்தால் கால் கிராம்கூடக் குறையாது.

ஒரே படலத்தை இரண்டு விதமாகச் சோதிக்கும்போதுதான் இதன் சுவை தெரியும். கோப்பையை நிமிர்த்தி வைத்தால் கரைசல் கீழே இருக்கும், படலத்தை ஆவி மட்டுமே தொடும். கவிழ்த்து வைத்தால் கரைசல் படலத்தின்மேல் நேராக நிற்கும். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன படலங்கள் பலவற்றில் கவிழ்த்த கோப்பையின் எடை இழப்பு நிமிர்ந்த கோப்பையைவிட வெகுவாகக் கூடியிருக்கும். படலம் நனைந்ததும் நீரை ஏற்று உப்பி, நீர் மூலக்கூறுகளுக்கு இன்னும் தாராளமாக வழி விடுகிறது. புண் அதிகம் கசிந்தால் படலம் அதிகம் வெளியேற்றுகிறது, கசிவு குறைந்தால் தானும் குறைத்துக்கொள்கிறது. எந்த மின்கருவியும் இல்லாமல் இதைச் செய்யும் பொருளை வெறும் பிளாஸ்டிக் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசென் நகரில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினார்கள். ஐசோசயனேட், பாலியால் என்ற இருவகை வேதிப்பொருட்கள் வினைபுரிந்து நீண்ட சங்கிலியாகின்றன. அந்தச் சங்கிலியில் இறுகிய பகுதிகளும் நெகிழ்வான பகுதிகளும் மாறி மாறி வரும். இறுகியவை ஆங்காங்கே ஒன்றுசேர்ந்து கெட்டிப்பட்டுப் படலத்துக்கு வலுவைத் தருகின்றன, நெகிழ்வான பாலிஈதர் பகுதிகள் நீர் மூலக்கூறுகளை ஏற்றுக் கைமாற்றி மறுபக்கம் அனுப்புகின்றன. மண்பானையில் கசிவதுபோல நுண்துளை வழியாக இங்கே நீர் வெளியேறுவதில்லை. துளையே இல்லாத படலத்தில் நீர் கரைந்து ஊடுருவிச் செல்கிறது. அதனால்தான் ஆவி வெளியே போகும் அதே படலத்தில் பாக்டீரியா உள்ளே நுழைய முடிவதில்லை. மருத்துவமனையில் மருந்து ஏற்றக் கையில் குத்திவைக்கும் வென்ஃப்ளான் ஊசியின்மேல் ஒட்டுகிறார்களே, கண்ணாடி போன்ற அந்தத் தாள், டெகாடெர்ம் என்றோ ஆப்சைட் என்றோ கேள்விப்பட்டிருப்பீர்கள், அது இந்த வகைதான். ஆனால் சாதாரண ஒட்டுப் படலங்கள் பல நாளொன்றுக்கு ஆயிரம் கிராமுக்கும் குறைவாகத்தான் ஆவியை விடும். சிராய்ப்புக்கும், வேறிடத்தில் ஒட்டுவதற்காகத் தோல் எடுத்த இடத்துக்கும் அது போதும். கசியும் கால் புண்ணில் அதை மட்டும் ஒட்டினால் மறுநாளே கீழே நீர் கோத்து நிற்கும்.

கசிவு அதிகமான இடத்தில் ஃபோம் வருகிறது. அதுவும் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான். நீரில் கலந்ததும் ஐசோசயனேட் கரியமில வாயுவை வெளியிட, குமிழிகள் உண்டாகிப் பஞ்சுபோல எழும்புகிறது. புண்ணைத் தொடும் பக்கம் நீரை ஏற்கும் பஞ்சு, வெளிப்பக்கம் மேலே சொன்ன படலம் என இரண்டையும் சேர்த்து ஒரே துண்டாகத் தருகிறார்கள். இதற்கும் மேலே போனால் குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட். வடித்த நீரில் போட்டால் தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு உறிஞ்சிக் காட்டி வியக்கவைக்கும் இந்தத் துகள், உப்பு நீரில் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். சங்கிலியில் உள்ள எதிர்மின் ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அது விரிகிறது. கரைசலில் உள்ள சோடியம் அந்தத் தள்ளலை மறைத்துவிடுகிறது, கால்சியமோ இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் சோதனைக் கரைசலில் லிட்டருக்கு 142 மில்லிமோல் சோடியமும் 2.5 மில்லிமோல் கால்சியமும் சேர்ப்பது இதற்காகத்தான். குழாய்த் தண்ணீரை ஊற்றி இத்தனை உறிஞ்சும் என்று காட்டும் விற்பனை விளக்கங்களை நம்ப வேண்டாம். புண்ணில் ஊறுவது குழாய்த் தண்ணீர் அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உறையில் அச்சிட்டிருக்கும் உறிஞ்சுதிறன் பெரும்பாலும் எடை எதுவும் ஏற்றாமல் அளந்தது. அதே ஃபோமின்மேல் கணுக்காலில் நாற்பது மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு இறுக்குக் கட்டுப் போட்டால் அதில் ஒரு பங்கு பிழிந்து வெளியே வரும். ஜெல்லாக மாறிப் பிடித்துக்கொள்ளும் பாலிஅக்ரிலேட்டு அப்படி எளிதில் விட்டுக்கொடுக்காது. ரத்தநாளம் சுருண்ட (வெரிகோஸ் வெயின்) கால் புண்ணுக்குக் கட்டுப் பொருள் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால் பாதித் தொல்லை குறையும் என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நீரை வாங்கிக்கொள்பவை. ஹைட்ரோஜெல் நீரைக் கொடுப்பது. 1960-இல் பிராகு நகரில் ஓட்டோ விக்டர்லெயும் டிராகோஸ்லாவ் லிமும் நீரை ஏற்கும் ஜெல்களை உடம்பில் பயன்படுத்தலாம் என்று எழுதினார்கள். அதிலிருந்து மென்மையான கான்டாக்ட் லென்ஸ் பிறந்தது. புண்ணுக்கான ஜெல் தாளை அழகான முறையில் செய்து காட்டியவர் போலந்தின் வூட்ஜ் நகரைச் சேர்ந்த யானுஷ் ரோசியாக். பாலிவினைல் பைரோலிடோன், பாலிஎத்திலீன் கிளைக்கால், அகார் மூன்றையும் நீரில் கரைத்து, தட்டில் ஊற்றி, உறையிட்டு ஒட்டிய பிறகு அப்படியே கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். கதிர் பட்டதும் நீர் உடைந்து ஹைட்ராக்சில் மூலக்கூறுத் துண்டுகள் உண்டாகின்றன. அவை பாலிமர்ச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க, குறைபட்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. சுமார் 25 கிலோகிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுள்ள அதே கதிர்வீச்சு உறைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களையும் அழித்துவிடுகிறது. பிணைப்பதற்குத் தனி ரசாயனம் இல்லை, அதன் மிச்சத்தைக் கழுவி எடுக்கும் வேலையும் இல்லை. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு, காமாக் கதிரால் பிணைத்து இத்தகைய ஜெல்லை உருவாக்கி, அதன் தொழில்நுட்பத்தைத் தனியாருக்கும் வழங்கியிருக்கிறது. தீப்புண்ணில் வைத்தால் குளிர்ச்சி தரும், எடுக்கும்போது ஒட்டாது, ஊடே புண்ணைப் பார்க்கவும் முடியும்.

ஆனால் இது காய்ந்த புண்ணுக்கு உரியது. மதுரையில் இருக்கும் என் அத்தைக்குச் சர்க்கரை நோயால் உள்ளங்காலில் புண். யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்தார் என்று ஜெல்லை வாங்கித் தினமும் தடவிக்கொண்டிருந்தார். “இம்புட்டு வெலை குடுத்து வாங்குன ஜெல்லு, ஒண்ணும் கேக்க மாட்டேங்குதேடா” என்று காலைக் காட்டியபோது, ஏற்கெனவே நன்றாகக் கசியும் புண். சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் ஊறி, சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. கட்டை அவிழ்த்ததும் தூக்கிப் போடாமல் அதையும் பார்க்க வேண்டும் என்று அத்தைக்கும் அவருடைய மகளுக்கும் சொன்னேன். ஃபோமில் கறை விளிம்பை நெருங்கிவிட்டால் மாற்றும் இடைவெளி நீண்டுவிட்டது என்று பொருள். நடுவில் சிறு வட்டமாக மட்டும் நின்றால் அடுத்த முறை இன்னும் ஓரிரு நாள் விடலாம். காய்ந்து புண்ணோடு ஒட்டியிருந்தால் அந்தப் புண்ணுக்கு அந்த ஃபோம் வேண்டாம். கெட்ட வாடை, சுற்றிலும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கட்டு எந்த வகை என்று யோசித்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். தொற்றுள்ள புண்ணை இறுக மூடி வைப்பது ஆபத்து.

ஒட்டும் பொருளைப் பற்றிச் சொல்லாவிட்டால் செவிலியர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அக்ரிலேட் பசை நேரம் ஆக ஆக இறுகப் பிடிக்கும். முதியவர்களின் காகிதம் போன்ற தோலில் பிளாஸ்திரியை உரிக்கும்போது தோலும் சேர்ந்து வருவது இதனால்தான். மென்மையான சிலிகோன் ஜெல் தோலின் நுண்மேடு பள்ளங்களில் உடனே படிந்து பரவலாகப் பிடிக்கும், அந்தப் பிடி நாள்பட அதிகம் கூடுவதில்லை, ஈரமான புண்ணில் அது ஒட்டுவதும் இல்லை. தீக்காயத் தழும்பின்மேல் சிலிகோன் ஜெல் தாளை வைத்தால் தடிப்பு மட்டுப்படுகிறது என்று 1983-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதினார்கள். இன்றும் அது வழக்கில் இருக்கிறது.

புண்ணின் கசிவைக் குழாய் வழியாக இழுத்தெடுக்கும் வெற்றிட உறிஞ்சல் முறையிலும் இதே பொருட்கள்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆர்ஜெண்டாவும் மோரிக்வாஸும் 1997-இல் விவரித்தபடி, 400 முதல் 600 மைக்ரான் துளைகளுள்ள பாலியூரித்தேன் ஃபோமைப் புண்ணுக்குள் வைத்து, படலத்தால் மூடி, 125 மி.மீ. பாதரச அளவுக்கு உறிஞ்சுகிறார்கள். நம் மருத்துவமனைகள் பலவற்றில் விலை கருதி, சாதாரண ஃபோமை ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி), மூக்கு வழியாக வயிற்றுக்குள் விடும் ரைல்ஸ் டியூபைச் செருகி, சுவரில் உள்ள சக்‌ஷனோடு இணைத்துவிடுகிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மெத்தைக்குச் செய்த ஃபோமில் வினையூக்கியின் மிச்சம் இருக்கக்கூடும் என்பதையும், அதிலிருந்து உதிரும் துணுக்கு புண்ணுக்குள் தங்கிவிட்டால் அதுவே சீழ் பிடிக்கக் காரணமாகும் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே வைத்த துண்டுகளின் எண்ணிக்கையை மேலே ஒட்டிய படலத்திலேயே பேனாவால் எழுதிவைப்பது நல்ல பழக்கம்.

உடம்பிலேயே தங்கிக் கரைந்துபோகும் பாலியூரித்தேனும் இப்போது வந்துவிட்டது. 1981-இல் அமெரிக்காவில் பர்க்கும் யான்னஸும் மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரத அடுக்கின்மேல் சிலிகோன் படலம் போர்த்திய செயற்கைத் தோலை அறிமுகப்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டின் தீக்காய மருத்துவர் ஜான் கிரீன்வுட் முன்னெடுத்த முறையில் கீழ் அடுக்கும் செயற்கைதான்: இரண்டு மி.மீ. தடிப்புள்ள ஃபோம், அதன்மேல் ஒரு மூடுபடலம். ஃபோமின் துளைகளுக்குள் நோயாளியின் சொந்தத் திசுவும் ரத்தக்குழாய்களும் வளர்ந்து நிறைந்ததும், சில வாரங்களில் மூடுபடலத்தை உரித்துவிட்டு மெல்லிய தோல் ஒட்டு வைக்கிறார்கள். ஃபோம் மாதக்கணக்கில் மெதுவாகச் சிதைந்து மறைகிறது. விலங்குப் பொருள் எதுவும் இல்லாததால் சமயம் சார்ந்த தயக்கத்துக்கு இடமில்லை, பாக்டீரியாவுக்கு எளிதில் இரையாவதும் இல்லை. என் பார்வையில் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறையில் நிகழ்ந்த பெரிய நகர்வு இதுதான்.

இத்தனை புகழ்ந்த பிறகு கறாராகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணில், இந்த வகை டிரெஸ்ஸிங் அந்த வகையைவிட விரைவில் ஆற்றும் என்று திடமாகச் சொல்ல ஆதாரம் மிகக் குறைவு. கசிவு, வசதி, விலை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்றே சர்வதேச வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. விதிவிலக்காக, சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் என்ற வேதிப்பொருள் சேர்த்த டிரெஸ்ஸிங்கை 2018-இல் வெளிவந்த ஐரோப்பியச் சோதனையில் 240 நோயாளிகளிடம் ஒப்பிட்டபோது, இருபது வாரங்களில் 48 விழுக்காட்டினருக்குப் புண் மூடியது. அந்தப் பொருள் சேர்க்காத அதே டிரெஸ்ஸிங்கில் 30 விழுக்காடுதான். அந்தச் சோதனையில்கூட இரு தரப்பினருக்கும் பாதத்தின்மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்வது சிகிச்சையின் ஒரு பகுதி. உணர்ச்சியற்ற பாதத்தை ஒவ்வோர் அடியிலும் நசுக்கிக்கொண்டே மேலே எதைக் கட்டினாலும் பயனில்லை.

பாரத்தைக் குறைக்கும் வேலைக்கும் நம்மிடம் ஒரு பாலிமர் இருக்கிறது, அதன் வரலாறு வேலூரோடு பிணைந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, வேலூரில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும், தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களில் புண் வருவதற்கு நோய்க்கிருமியைவிட நடையின் அழுத்தமே காரணம் என்று காட்டி, நுண்ணறைகள் நிறைந்த மென்மையான ரப்பரில் செருப்புச் செய்யும் வழியைப் பரப்பினார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று அரசு மருத்துவமனையில் கேட்டால் இன்றும் புரிந்துகொள்வார்கள். அத்தைக்கு மருத்துவர் ஜெல்லை நிறுத்தி, ஃபோமுக்கு மாற்றி, புண்ணின்மேல் பாரம் விழாதபடி குடைந்த எம்.சி.ஆர். செருப்பையும் எழுதிக் கொடுத்தார். புண் மூடியதில் ஃபோமுக்கு எவ்வளவு பங்கு, செருப்புக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என் கோப்பையால் ஆகாது. செருப்புக்கே அதிகம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் செருப்புப் போடுவதா என்று அவர் முதலில் ஒரேயடியாக மறுத்தார். வெளியே போடாத தனி ஜோடி ஒன்றை வீட்டுக்கென்றே வைத்துக்கொள்ளலாம், பூசையறை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மருத்துவரே சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். இப்போது அடுக்களையிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறார்.